சாமிச் சேவலும் தெய்வானையின் கையும்

தம்பிக்கு,

இங்கே கோழி, வாத்து, கின்னிக்கோழி, வான்கோழி, உன் அப்பா எல்லாரும் சுகம். என் மருமகள் தெய்வானையும் சுகம். நீயும் திருச்சியில் சுகமாகத்தான் இருப்பாய்; சுகம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வெள்ளிக்கிழமை தபால்காரர் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். கண்ணாடியில் குற்றம் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை, பெரியம்மா கீரமங்கலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள், ஆவணியில் இரண்டாவதாகக் கட்டிக்கொள்ளப் போகிறாய், தெய்வானை பாட்டுக்கு எங்களோடு கொல்லைக்காட்டு வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும், இதை நான்தான் அவளிடம் பக்குவமாகச் சொல்லி வைக்க வேண்டும். இவ்வளவுதானே நீ எழுதியது? கையெழுத்து எப்போதும் போல முத்து முத்தாக இருந்தது. அதில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

இந்தப் பதிலை வேறு ஆளை வைத்து எழுத முடியாது. அஞ்சாம் கிளாஸ் வரை படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று நானே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அடியே, ஆம்பளப் புள்ளைக்கு ஒரு ஆத்தா எழுதுற விசயமா இது?" என்று கேட்டார். "அப்ப நீங்க எழுதுங்க" என்று பேனாவை நீட்டினேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று எழுந்து போனவர் இன்னும் வரவில்லை. என் கடிதம் என்றாலே கோழிக் கதைதான் என்று நீ கேலி செய்வாய். இதுவும் கோழிக் கதைதான். ஆனால் இந்தத் தடவை நடுவில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

நாம் வல்லத்திராக்கோட்டை ஊருக்குள் இருந்த வீட்டை உன் பெரியம்மா குடும்பத்துக்கு விட்டுவிட்டு இந்தக் கொல்லைக்கு வந்தது, சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த வருஷம். உனக்கு அப்போது நல்ல விவரம் தெரியும். கிணற்றடியில் ஒற்றை வீடு. கூப்பிடு தூரத்தில் ஒரு குடிசைகூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக் கோழி என்ற சண்டையே நமக்கு வந்ததில்லை, ஏனென்றால் பக்கத்து வீடே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள், கொஞ்சம் கழித்து வேண்டியிருக்கும். கந்தர்வக்கோட்டையில் என் பிறந்த வீட்டிலிருந்து இரண்டு பெட்டைக் கோழியைக் கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதிலிருந்து பெருகியதுதான் எல்லாம். கண்மாய் பக்கத்தில் இருக்கிறதே என்று வாத்து வாங்கினோம். பாம்பு வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் என்று கின்னிக்கோழி. வான்கோழி உன் ஆசைக்கு வாங்கியது. அது தோகையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நீ பள்ளிக்கூடம் போக மறந்த நாட்கள் எத்தனை!

வளர்ப்பு எனக்கும் ஒரேயடியாக வந்துவிடவில்லை. சித்திரை வெயிலில் அடை வைத்து ஒரு கூடை முட்டையையும் வேகவைத்ததுபோல் கெடுத்தேன். தை, மாசிதான் அதற்குத் தோதான காலம். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் குறுகிக் குறுகி உறுமிக்கொண்டு, தீனியை மறந்து உட்கார்ந்துவிட்டால் அது அடைக்கு வந்துவிட்டது. கூடையில் மணலைப் பரப்பி, மேலே வைக்கோலைச் சுருட்டி வைத்து, புது முட்டையாகப் பார்த்து எடுத்து வைக்க வேண்டும். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று ஓர் இரும்புத் துண்டும் ஒரு கரித்துண்டும் ஒரு காய்ந்த மிளகாயும் கூடையில் போடுகிறோம். இரும்பு இடியைத் தடுக்கிறதோ இல்லையோ, போடாமல் விட எனக்குத் தைரியம் வந்ததில்லை. குஞ்சு இறங்கிய பிறகு நொய்யரிசி மட்டும் போட்டால் தேறாது. பழைய பானையில் சாணியும் வைக்கோலும் அடைத்துப் புற்று மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் மண்டிக் கிடக்கும். அதைக் கொட்டிவிட வேண்டும். குஞ்சுகள் அதில் விழுந்து பொறுக்குகிற அழகைப் பார்த்தால் நமக்கும் பசி எடுத்துவிடும்.

கோழிச் சீக்கு வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வெள்ளையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. தப்பியதையாவது காப்பாற்றலாம் என்று நீ நல்லதாகப் பார்த்து ஏழெட்டைப் பஞ்சாரக் கூடையோடு தலையில் தூக்கிக்கொண்டு உன் பெரியம்மா வீட்டுக்கு ஓடினாய். நானும்தான் "போடா தம்பி, வெரசாப் போ" என்று விரட்டினேன். பார்வைக்கு நன்றாக இருந்தவற்றுக்குள்ளும் சீக்கு இருந்திருக்கிறது. ஒரு வாரத்தில் அந்தத் தெருவிலேயே கோழி கூவவில்லை. உன் பெரியம்மா இன்றைக்கும் கோபம் வந்தால் முதலில் அதைத்தான் எடுப்பாள். என் கூடப் பிறந்தவள்தான், நல்லவள்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மூச்சுவிட இடம் கொடுக்கமாட்டாள்.

புதுப் பைசா வந்த வருஷம் உனக்குக் கல்யாணம் ஆனது. தெய்வானை வந்த மறு வாரமே கோழிகள் அவள் காலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அவள் கூப்பிடுகிற 'பே பே பே' என்ற குரலுக்கு வாத்துகூடக் கண்மாயிலிருந்து ஏறி வரும். நீ புதுக்கோட்டை பஸ் டிப்போவுக்குச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவள் கையால் வைத்த அடையெல்லாம் குறைவில்லாமல் பொரித்தன. அதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. பொரித்தால் கோழி பொரித்தது, அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஆகியும் அவளுக்கு மாதம் தவறவில்லை என்றதும் உன் பெரியம்மா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். நம் கூட்டத்திலேயே எடுப்பாக இருந்த செவலைச் சேவலைப் பிடித்து, மஞ்சள் தண்ணி தெளித்து, கால் நகத்தை ஓரம் வெட்டி அடையாளம் செய்து, "கருப்பரே, தெய்வானைக்கு ஒரு புள்ளையக் குடு, பேரு வச்ச மறு வாரம் இதை ஒன் வாசல்ல அறுக்குறேன்" என்று நேர்ந்து விட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். தெய்வானை வாசலில் விழுந்து கும்பிட்டாள். நீ வேலைக்குப் போயிருந்தாய்.

நேர்ந்து விட்ட சேவலை நாம் என்ன செய்ய முடியும்? விற்க முடியாது, அறுக்க முடியாது, அடிக்கவும் முடியாது. காயப்போட்ட நெல்லில் ஏறி நின்று கிளறும். "சாமிக் கோழி, விட்டுரு" என்று உன் அப்பா கும்பிடாத குறையாக நிற்பார். வளர்ந்து வந்த இளஞ்சேவல்களை அது கொத்தி ரத்தம் காட்டி விரட்டியது. எதற்குச் சண்டை, ஒரு சேவல் போதும் என்று அவற்றை நாமும் ஒவ்வொன்றாகக் குழம்பு வைத்துவிட்டோம். பிள்ளை பிறந்தால்தானே சேவலை அறுப்பது? பிள்ளை பிறக்கவில்லை. சேவலும் வருஷக் கணக்காக உட்கார்ந்து தின்றது. கொழுத்தது, கால் முள் வளைந்து சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்தது, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தது. கூவுவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

மூன்றாவது வருஷம் அடையில் பாதி பொரிக்காமல் கூமுட்டை ஆனது. நாலாவது வருஷம் கூடைக்கு ஒன்றிரண்டு பொரித்தன. அதற்கப்புறம் அதுவும் இல்லை. உன் பெரியம்மாவுக்குக் காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை. "ஏன்டி, வயித்துல ஒன்னு தங்காத கையக் குடுத்து முட்டைய வைக்கச் சொன்னா அது எப்புடிடி பொரிக்கும்? நீ வையி. நாலு புள்ள பெத்தவ கையி ஒனக்கு" என்றாள். தெய்வானை கூடையை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வைத்தேன். அதுவும் கூமுட்டை. அதற்கும் பதில் இருந்தது: முட்டையைப் பொறுக்கி எடுத்து வந்தது அவள்தானே, கை பட்டிருக்கிறதே! சரி, பொறுக்குவதும் நான் என்று ஆனது. அப்போதும் கூமுட்டை. அவள் நிழல் விழுந்திருக்கும் என்றார்கள். தம்பி, அந்தக் கை கோழி எச்சத்தை அள்ளலாம், பஞ்சாரம் தூக்கலாம், விடிந்ததும் போய்க் கரையான் பானையைத் திறக்கலாம். முட்டையை மட்டும் தொடக்கூடாது. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீயும் இந்த வீட்டில்தான் இருந்தாய்.

போன வருஷம் உனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. வீடு பார்த்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளை இங்கே விட்டுப் போனாய். இந்தத் தை மாதம் கந்தர்வக்கோட்டையில் என் சித்தப்பா காரியத்துக்காகப் போய் நான் நாலைந்து நாள் தங்கும்படி ஆகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துக் கருங்கோழி அடைக்கு வந்து வெறும் கூடையில் உட்கார்ந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் அதன் வயிற்றுக்கடியில் ஆறு வாத்து முட்டை. வாத்துக்கு அடை காக்கிற பொறுமை கிடையாது, அதனால் எப்போதும் கோழிக்குத்தான் வைப்போம், அதில் ஒன்றும் புதுமை இல்லை. "யாரு வச்சா?" என்று கேட்டேன். தெய்வானை என் முகத்தைப் பார்க்காமல், "கோழி முட்டையத்தானே அத்த தொடக்கூடாதுன்னு சொன்னீங்க? இது வாத்து முட்டைதானே?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் வக்கீல் சிநேகிதனைவிட இவள் நன்றாக வாதாடுவாள்.

வாத்து முட்டை பொரிக்கக் கோழி முட்டையைவிட ஒரு வாரம் கூடுதலாக ஆகும். ஒரே சமயத்தில் இறங்கட்டும் என்று நான் ஒரு வாரம் பொறுத்து, கைராசிக்காரி என்ற பெருமையோடு, அதே கூடையில் ஐந்து கோழி முட்டையை என் கையால் வைத்தேன். ஒரே கோழி, ஒரே கூடை, ஒரே இரும்புத் துண்டு. வாத்து முட்டைக்கு ஈரம் வேண்டும் என்று தெய்வானை தினமும் விரலால் தண்ணி தெளித்துவிடுவாள். நாள் வந்தது. அவள் வைத்த ஆறில் ஐந்து குஞ்சு, மஞ்சள் மஞ்சளாக. நான் வைத்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. கருங்கோழி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த ஐந்தையும் எருக்குழிக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றாக உடைத்தேன். இடியிலோ சூட்டிலோ கெட்ட முட்டை என்றால் உள்ளே பாதிக் குஞ்சு செத்துக் கிடக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். இவற்றில் ஒரு ரத்தக்கோடுகூட இல்லை. கரு பிடித்துக் கெட்டவை அல்ல இவை, கருவே பிடிக்காதவை. கருப்பிடிக்காத முட்டைக்குக் கோழி என்ன செய்யும், கூடை என்ன செய்யும், வைத்த கைதான் என்ன செய்யும்? நிமிர்ந்து பார்த்தேன். சாமிச் சேவல் எருமேட்டின் உச்சியில் நின்று நெஞ்சை நிமிர்த்திக் கூவிக்கொண்டிருந்தது. வாத்துக்கு ஆண் வாத்து தனி; கோழிக்கோ, பக்கத்து வீடுகூட இல்லாத இந்தக் கொல்லையில் வேறு சேவலே கிடையாது. பதினைந்து வருஷமாகக் கோழி வளர்த்தவள், இத்தனை காலம் பெட்டையையும் கூடையையும் அவள் நிழலையும் பார்த்தேனே ஒழிய, அதைப் பார்க்கத் தோன்றவில்லை. அதன் கம்பீரம் அப்படி!

உன் அப்பாவிடம் சொன்னேன். "சாமிக் கோழியப் போயி அப்புடிச் சொல்லாதடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அவரோடு மல்லுக்கு நிற்காமல் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே கருப்பர் கோயிலுக்கு நடந்தேன். பூசாரியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சேவலின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கெழவன இத்தன வருசமா வச்சுக்கிட்டு குஞ்சு வரலேன்னா எப்புடித்தா வரும்? அவருக்கு நேந்தது, அவருகிட்டயே விட்டுட்டுப் போங்க. வேண்டுதல் பலிச்சா வேற சேவலு வாங்கிக்குவாரு. கருப்பரு ஒன்னும் கணக்குப் பாக்குற ஆளு இல்ல" என்றார். கோயில் ஆலமரத்தடியில் விட்டுவிட்டு வந்தேன். இன்னும் அங்கேதான் திரிகிறதாம், பொங்கல் சோறு தின்றுகொண்டு. உன் பெரியம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அடுத்த சந்தையில் ஓர் இளஞ்சேவல் வாங்கினோம். சோனியாக, கூவத் தெரியாமல் இருமுவதுபோல் ஒரு சத்தம் போடும். இரண்டு மூன்று வாரம் விட்டு முட்டை சேர்த்தோம். செவலைப் பெட்டை அடைக்கு வந்தது. கூடையைத் தெய்வானையிடம் கொடுத்து, "நீதான் வைக்கணும்" என்றேன். "வேணாம் அத்த, கெட்டுப்போச்சுன்னா..." என்று பின்வாங்கினாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலை நுனியில் துடைத்து வைத்தாள். பங்குனிக் கடைசியில் ஒன்று தவிர எல்லாம் பொரித்தன. அன்று அவள் குஞ்சுகளைப் பார்க்கவில்லை, தம்பி. அடுப்படியில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூமுட்டை ஆனபோதெல்லாம் அழாதவள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ புரிந்துகொண்டிருப்பாய், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பிள்ளை இல்லாததற்குக் குறை அவளிடம்தான் என்று உனக்கு யார் சொன்னது? பெரியம்மா சொன்னாள், ஊர் சொன்னது, நீ கேட்டுக்கொண்டாய். வைகாசியில் நான் அவளைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போய் லேடி டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, இவளிடம் ஒரு கோளாறும் தெரியவில்லை என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஒங்க மகனையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. ஆம்பளைங்களுக்கும் பரிசோதனை இருக்கு. சில பேருக்கு மருந்துலயே சரியாயிரும்" என்றார். எனக்கு அதைக் கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருந்தது. நீ ஆடியில் வருவாயே, நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

மனுஷனும் கோழியும் ஒன்றா என்று உனக்குக் கோபம் வரும். ஒன்றில்லை என்றுதான் நானும் சொல்கிறேன். சேவலை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாது, உன்னை முடியும். ஊரார் டிக்கெட்டை எல்லாம் வாங்கிப் பார்க்கிற செக்கர் நீ. உன் டிக்கெட்டையும் ஒரு தடவை எடுத்துக் காட்டு. குறை உன்னிடம் இருந்தால் அது கேவலம் இல்லை. சளி, காய்ச்சல் மாதிரி அதுவும் உடம்பில் ஒன்று. பார்க்காமலே இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டுவதுதான் கேவலம். யோசித்துப் பார். குறை உன்னிடம் இருந்து, நீ அந்தக் கீரமங்கலத்துப் பெண்ணைக் கட்டினால் என்ன ஆகும்? மூன்று வருஷம் கழித்து அவளையும் மலடி என்பார்கள். அவளுக்குப் பதினெட்டு வயதாம். அவளுக்காக ஒரு சேவலை நேர்ந்து விடுவார்கள். அன்றைக்குச் சீக்கை ஊருக்குள் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினாயே, அப்போது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்து செய்ய உன்னை விடமாட்டேன். ஒருவேளை உன்னிடமும் குறை இல்லை, அவளிடமும் இல்லை, ஆனாலும் பிள்ளை வரவில்லை என்றால்? அப்போதும் எனக்கு இவள்தான் மருமகள். பேரன் இல்லாமல் என்னால் இருக்க முடியும். கண்ணெதிரில் இவளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேரனைக் கொஞ்ச என்னால் முடியாது.

நீ எழுதியதை அவளிடம் சொல்லிவிட்டேன். பக்குவமெல்லாம் எனக்கு வராது. நேற்றுச் சாயங்காலம் கோழிகளை அடைக்கிற நேரத்தில் கடிதத்தில் இருந்ததை இருந்தபடியே சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு உன்னை வரச்சொல்லி எழுதப்போவதையும் சொன்னேன். அவள் குனிந்து குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் தள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசிக் குஞ்சும் உள்ளே போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவருக்கு அம்புட்டு ஆசைன்னா கட்டிக்கட்டும் அத்த. நான் அழுது மறிக்கல. ஆனா அவர ஆசுபத்திரிக்கு வரச்சொல்லி மட்டும் எழுதிறாதீங்க. கொற அவரு பக்கம்னு வந்துருச்சுன்னா, நாளைக்கி பஸ்ஸுல ஏறி நாலு பேரு மூஞ்சிய எப்புடிப் பாப்பாரு? ஆம்பள, தாங்கமாட்டாரு. மலடிங்கிற பேரு எனக்குப் பழகிப்போச்சு. அது எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

தம்பி, பஞ்சாரத்தின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு அழுதுவிட்டேன். லேடி டாக்டர் வைகாசியில் சொன்னது அவளுக்கும்தானே காதில் விழுந்தது? தன்னிடம் குறை இல்லை என்று தெரிந்தும் இத்தனை நாள் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. உன் பெரியம்மா போன வாரம் முகத்துக்கு நேரே பேசியபோதுகூடச் சொல்லவில்லை. உன் பெயருக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாதாம். எனக்கு உன் மேல் வந்த கோபத்தைவிட, இப்படி ஒருத்தியை உனக்குக் கட்டி வைத்தோமே என்ற பெருமைதான் அப்போது பெரிதாக இருந்தது. அந்தப் பெருமை உனக்கும் வரவேண்டும் என்றுதான் அவள் எழுத வேண்டாம் என்றதை எழுதிவிட்டேன். அவளிடம் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன்.

கீரமங்கலத்துக்காரர்களுக்கு இன்றைக்கே இரண்டு வரி எழுதிப் போட்டுவிடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு வா. திங்கட்கிழமை காலை நாம் மூன்று பேரும் புதுக்கோட்டைக்குப் போகிறோம். நீ உள்ளே போய் டாக்டரைப் பார், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் உனக்குத் தெரிந்த டிரைவர், கண்டக்டராகத்தான் இருப்பார்கள். நீ முன்னால் போய் அவர்களோடு நிற்காதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வா.

உன் அம்மா